தெரியும்… ஆனா நடக்கல!

மறதி, தாமதம், பாதியில் நிற்கும் வேலைகள்: ஏ.டி.எச்.டி-யோடு குடும்பம் நடத்தும் பெரியவர்களின் அன்றாடம்

தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வாடகை மாதிரி மாதம் பிறந்ததும் வந்து நிற்பதில்லை. வீட்டு வரி மாதிரி அரையாண்டுக்கு ஒருமுறை பெரிய தொகையாக வந்து மிரட்டுவதும் இல்லை. ரீடிங் எடுக்க ஆள் வந்துபோகிறார். செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. கணக்கில் பணம் இருக்கிறது, ஆப் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. "டீ குடிச்சிட்டுக் கட்டிடுவோம்" என்று நினைக்கிறார் வீட்டுக்காரர். டீ ஆறுகிறது, நாள் போகிறது, கடைசித் தேதியும் போகிறது. ஒருநாள் காலையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் நிற்கிறது. பக்கத்து வீட்டில் ஃபேன் சுற்றுகிறது. அப்போதுதான் அந்தக் குறுஞ்செய்தி ஞாபகத்துக்கு வருகிறது.

'இது யாருக்குத்தான் நடக்காது?' என்று கேட்கலாம். எல்லோருக்கும் நடக்கும். ஆனால் கரண்ட் பில், எல்.ஐ.சி பிரீமியம், வண்டி இன்ஷூரன்ஸ், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், நண்பனுக்குத் திருப்பிக் கூப்பிடுகிறேன் என்று சொன்ன போன் என்று எல்லா முனையிலும் நடக்கிறது என்றால்? பத்து வயதில் ஆரம்பித்து நாற்பதிலும் நிற்கவில்லை என்றால்? திட்டு வாங்கி, ஜனவரிக்கு ஜனவரி டைரி வாங்கி, குலதெய்வத்தின் முன் நின்று இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று வேண்டிக்கொண்ட பிறகும் நடக்கிறது என்றால்? அப்படிப்பட்ட ஒருவர் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. அவரோ ஜோசியரைப் பார்த்திருப்பார், அல்லது தன்னைத் தானே சபித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார்.

2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில் ஒரு மறுவாழ்வு மைய விழாவில் பேசிய நடிகர் ஃபகத் ஃபாசில், தனக்கு ஏ.டி.எச்.டி இருப்பது 41 வயதில்தான் கண்டறியப்பட்டது என்றார். 'மாமன்னன்' ரத்னவேலுவை மிரண்டுபோய்ப் பார்த்த நம் ஊர் ரசிகர்கள் பலருக்கு இந்த நான்கு எழுத்துகள் அன்றைக்குத்தான் அறிமுகமாயின. கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்று பாடப்புத்தகத் தமிழில் எழுதுவார்கள். வகுப்பில் ஓர் இடத்தில் உட்காராத, துறுதுறு என்று சேட்டை செய்யும் பையன்களின் பிரச்னை என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தோம். நாற்பத்தொரு வயதுக்காரருக்கு, அதுவும் இவ்வளவு உச்சத்தில் இருப்பவருக்கு இது எப்படி?

வளர்ந்தால் போய்விடுமா?

டாக்டர்களே ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினார்கள். 1902-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் அரங்கில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். புத்தி நன்றாக இருந்தும் கவனத்தையும் உந்துதலையும் கட்டுப்படுத்த முடியாத சில குழந்தைகளைப் பற்றி அவர் பேசியதுதான் இந்தத் துறையின் பழைய பதிவுகளில் முக்கியமானது. ஆனால் அவர் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறையாகவே பார்த்தார். நூற்று இருபது வருஷம் ஆகியும் நம் வீடுகளில் விழும் திட்டு அந்த இடத்தைவிட்டு நகரவில்லை: "எல்லாம் கொழுப்பு. மனசு வெச்சா செய்ய மாட்டியா?"

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1968-ல் இதைக் குழந்தைப்பருவக் கோளாறுகளில் ஒன்றாகத்தான் சேர்த்தது. 1980-ல் கவனக் குறைவு முன்னுக்கு வந்தது, 1987-ல் இப்போதைய பெயர் வந்தது. 2013-ல் வந்த ஐந்தாவது பதிப்புதான் பெரியவர்களுக்குக் கொஞ்சம் கதவைத் திறந்தது. குழந்தைகளுக்கு ஆறு அறிகுறிகள் வேண்டும் என்றால், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும் என்றது. ஏழு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பன்னிரண்டாக உயர்த்தியது. வயது ஏற ஏற ஓட்டமும் தாவலும் அடங்கிவிடுகின்றன. கவனமும் ஒழுங்கும்தான் பிடிபடாமலே இருக்கின்றன. ஓடாத பிள்ளையை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

2007-ல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏ.டி.எச்.டி உள்ள குழந்தைகளின் மூளையைப் பல வருஷம் தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். மூளையின் மேலுறை தன் உச்சத் தடிமனை எட்டுவது மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை வயதுவாக்கில் என்றால், இவர்களுக்குப் பத்தரை வயதுவாக்கில். தாமதம் அதிகமாகத் தெரிந்தது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில். திட்டமிடுவது, பொறுத்திருப்பது, நினைத்ததை நினைவில் பிடித்துவைத்துச் செய்து முடிப்பது எல்லாம் அங்கே நடக்கிற காரியங்கள். டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் அந்த வட்டாரத்தில் செய்திகளைக் கடத்துகின்றன, அதில்தான் தடுமாற்றம்.

இது பரம்பரையில் இறங்குவது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு மரபணுவோடு தொடர்புடையது என்கின்றன. ஒரே ஒரு மரபணு அல்ல. 2023-ல் வெளியான பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் 27 இடங்களைச் சுட்டியது. உயரம்கூட இப்படித்தான் இறங்குகிறது. அதனால்தான் பையனைக் காட்ட வந்த அப்பா, டாக்டர் கேள்வி கேட்கக் கேட்கத் தன் கதையைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருப்பதைக் குழந்தை மனநல மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். "அவங்க அப்பாவும் இப்படித்தான்" என்று பாட்டி சமாதானமாகச் சொல்வது சரியான குடும்ப வரலாறு.

இன்றைக்கு, அல்லது எப்போதுமே இல்லை

இவர்களுக்குக் கவனமே கிடையாது என்று நினைப்பது தவறு. பிடித்த விஷயம் என்றால் சாப்பாடு, தூக்கம், மூத்திரம்கூட மறந்து ஆறு மணி நேரம் உட்காருவார்கள். எழுந்து வா என்றால் வர முடியாது. கவனத்தை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்பதுதான் அவர்கள் கையில் இல்லை. பிடித்தது, புதுசு, இப்போதே செய்யாவிட்டால் கழுத்துக்குக் கத்தி: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். 'முக்கியம்' என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிக்காது. வருமான வரிக் கணக்கு முக்கியம்தான். ஜூலை 31 இரவு பதினொரு மணிக்கு அது கத்தியாக மாறும். அதுவரை வெறும் முக்கியம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். நள்ளிரவில் யாருக்கோ ரத்தம் வேண்டும் என்றால் முதலில் வண்டியை எடுப்பவர் அவர்தான். வெள்ளம் வந்தால் படகு பிடிப்பார், பால் பவுடர் திரட்டுவார், மூன்று நாள் தூங்காமல் நிற்பார். கல்யாண வீட்டில் சமையல்காரர் காலைவாரினால் இன்னொருவரை ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். அவருடைய டிரைவிங் லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஊருக்கு இவர் சூரன், வீட்டுக்கு இவர் உதவாக்கரை. இரண்டு பேச்சும் ஒரே மனிதரைப் பற்றித்தான். இரண்டுக்கும் காரணம் ஒரே மூளைதான்.

நேரம் இவர்களுக்குச் சீராக ஓடுவதில்லை. இந்தக் கணம் ஒன்று, மற்றதெல்லாம் இன்னொன்று. அடுத்த மாதம் வரும் தேர்வும் அடுத்த வருஷம் வரும் கல்யாணமும் ஒரே தூரத்தில் மங்கலாகத் தெரியும். ஒன்பது மணிக்கு அலுவலகம் என்றால் எட்டே முக்கால்வரை 'நேரம் இருக்கிறது', அதன் பிறகு 'ஐயோ'. நடுவில் எதுவும் கிடையாது. குளிக்கப் பத்து நிமிடம், சாவி தேடப் பத்து நிமிடம், ஹெல்மெட்டை எடுக்க மறுபடி மாடி ஏற இரண்டு நிமிடம் என்று கூட்டிப் பார்க்கிற கணக்கு மற்றவர்களின் தலையில் தானாக ஓடுகிறது. இவர்கள் அதை ஒவ்வொரு நாளும் பேப்பர் பேனாவோடு புதிதாகப் போட வேண்டும்.

அப்புறம், கையில் பிடித்துவைத்திருக்கும் நினைவு. சமையலறையில் பாலை வைத்துவிட்டுக் காய்கறிக் கூடையை எடுக்கப் போனால் வழியில் வாஷிங் மெஷின் தெரிகிறது. நேற்று போட்ட துணி உள்ளேயே கிடந்து நாற்றம் எடுத்துவிட்டது, மறுபடி துவைக்க வேண்டும். சோப்புத்தூள் டப்பா காலி. வாங்கவேண்டியதை எழுதிவைக்க போனை எடுத்தால் அதில் பன்னிரண்டு செய்திகள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. ஒரு காலைப்பொழுதில் ஒன்பது வேலை ஆரம்பித்தாயிற்று, ஒன்றும் முடியவில்லை, உடம்பு மட்டும் கூலி வேலை செய்ததுபோல் வலிக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இவர் ஒன்றுமே செய்யவில்லை.

கோபம், நோயைக் கண்டறியும் அறிகுறிப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் கூட வாழ்கிறவர்கள் முதலில் சொல்வது அதைத்தான். சுருக்கென்று ஏறும், சட்டென்று இறங்கும். பத்து நிமிடத்தில் அவர் சிரித்துப் பேச ஆரம்பித்துவிடுவார். திட்டு வாங்கியவருக்குப் பத்து நாள் ஆறாது. சின்ன விமர்சனமும் பெரிய காயமாக இறங்கும். சிறுவயதிலிருந்து நாளைக்குப் பத்துத் தடவை குறை கேட்டு வளர்ந்தவருக்குப் பதினோராவதைத் தாங்கத் தோல் இருப்பதில்லை.

பணக்கணக்கைக் கேட்டால் இவர்கள் 'எங்க வரி' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வருமான வரிக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் 5,000 ரூபாய்வரை கட்டணம். எல்.ஐ.சி-யில் மாதத் தவணைக்கு 15 நாளும் மற்றத் தவணைகளுக்கு 30 நாளும் சலுகைக்காலம். அதையும் தாண்டினால் பாலிசி தூங்கிவிடும், எழுப்ப வட்டியும் சில சமயம் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். கிரெடிட் கார்டு அபராதம், தவறவிட்ட ரயில், எங்கே வைத்தோம் என்று தெரியாமல் மறுபடி வாங்கிய நாலாவது கத்தரிக்கோல், ஆசையாகச் சேர்ந்து ஒரு வாரம் போன ஜிம்மின் வருஷச் சந்தா, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அழுகும் கீரை. பணக்காரருக்கு இது எரிச்சல். அடகு வைத்த நகையின் கெடுவை மறந்துவிடுகிற வீட்டில் அதுவே இடி.

சாலையில் இந்தக் கணக்கு இன்னும் பெரிது. அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி உள்ள 23 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2017-ல் வந்த ஓர் ஆய்வு, மருந்து எடுத்த மாதங்களையும் எடுக்காத மாதங்களையும் அதே ஆட்களிடமே ஒப்பிட்டது. வாகன விபத்தால் அவசரச் சிகிச்சைக்கு வரும் வாய்ப்பு, மருந்து எடுத்த மாதங்களில் ஆண்களிடம் 38 சதவிகிதமும் பெண்களிடம் 42 சதவிகிதமும் குறைவாக இருந்தது. காருக்கே இப்படி என்றால், ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு இரண்டு சக்கரத்தில் போகிற ஊரைப் பற்றி நினைக்கவே பயமாக இருக்கிறது.

முட்டுக்கொடுப்பது யார்?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதைத்தான். நம் ஊரில் ஏ.டி.எச்.டி கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் டாக்டர்கள் குறைவு என்பது மட்டும் இல்லை. நம் வீடுகள் அதை மறைத்துவிடுகின்றன. இன்னும் சரியாகச் சொன்னால், வீட்டிலிருக்கும் பெண்கள் தங்கள் ஞாபகத்தை வாடகையில்லாமல் கொடுத்து மறைத்துவிடுகிறார்கள்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். புத்தகப் பையை அம்மா அடுக்குகிறாள். டிபன் பாக்ஸை வாசலில் வைத்துக் கையில் கொடுக்கிறாள். நாளைக்கு டெஸ்ட் என்று இன்னொரு பையனின் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். பிளஸ் டூவுக்கு நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கிறார்கள். விடியற்காலை எழுப்பி உட்காரவைத்து இரவு பத்து மணிவரை ஸ்டடி. போன் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே பார்க்கக்கூட நேரம் கிடையாது. 600-க்கு 550-ஐத் தாண்டுகிறான். நல்ல இன்ஜினீயரிங் கல்லூரி. முதல் செமஸ்டரில் நாலு அரியர். "காலேஜ் போனதும் கெட்டுப்போயிட்டான்" என்கிறது ஊர். அவன் புத்தி அதேதான். சுற்றி நின்று பிடித்துக்கொண்டிருந்தவர்கள் விலகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு வேலை, கல்யாணம். அம்மா விட்ட இடத்திலிருந்து மனைவி தொடங்குகிறாள். கரண்ட் பில் அவள் போனுக்கு மாறுகிறது. மாமியாரின் பி.பி மாத்திரை, கேஸ் புக்கிங், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் செய்தோம் என்ற நோட்டு எல்லாம் அவளிடம். அலுவலகத்தில் இன்னொருவர் நினைவூட்டுகிறார். ஐம்பது வயதில் அந்த மனிதர் 'கொஞ்சம் மறதி, ஆனா பெரிய மூளைக்காரர்' என்று பேர் வாங்குகிறார். அவருக்கு ஏ.டி.எச்.டி இருந்தது என்பது மனைவி ஆறு மாதம் படுத்த படுக்கையாகும்போதுதான் வெளியே வரும்.

இப்போது அதே குறைபாடு அந்த மனைவிக்கு இருந்தால்? அவளுக்கு நினைவூட்ட ஆள் கிடையாது. வீட்டுக்கே நினைவூட்ட வேண்டிய வேலையை அவள் தலையில்தான் கட்டியிருக்கிறோம். பிள்ளை நாளைக்கு சார்ட் பேப்பர் கொண்டுபோக வேண்டும் என்று இரவு பத்தரைக்குச் சொல்லும்போது அவளுக்குக் குற்றவுணர்ச்சி. கணவனுக்கு அது செய்தி. "பொம்பளைப் புள்ளைக்கு இவ்வளவு மறதியா" என்று கேட்கிற ஊர், ஆம்பளைப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

சிறு வயதிலேயே அவள் கணக்கில் வரவில்லை. பெண் குழந்தைகளிடம் பெரும்பாலும் ஓட்டம் குறைவு, கனவு அதிகம். பின் பெஞ்சில் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணால் டீச்சருக்குத் தொந்தரவில்லை. குழந்தைகளுக்கான மருத்துவமனைகளுக்கு வருபவர்களில் ஆண் குழந்தைகள் பல மடங்கு அதிகம். பெரியவர்களிடம் பார்த்தால் அந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிடுகிறது. சிறுமியிடம் தவறவிட்டதைப் பெண்ணிடம் கண்டுபிடிக்கிறோம் என்றுதான் இதற்குப் பொருள். அதற்குள் அவள் பதற்றத்தை ஊன்றுகோலாகப் பிடித்து நடக்கப் பழகியிருப்பாள். கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்ப்பாள். ஒரு மணி நேரம் முன்னாடியே போய்ப் பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை சாப்பிட்டுப் பல வருஷம் ஓடியிருக்கும். பிரசவத்துக்குப் பின்னும், மாதவிடாய் நிற்கும் வயதிலும் ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது பலருக்குப் பிடி மேலும் நழுவுகிறது. தன் மகனுக்கு டாக்டர் கொடுத்த கேள்வித்தாளை நிரப்பும்போதுதான் பல அம்மாக்கள் தங்களைக் கண்டுகொள்கிறார்கள்.

கணவன் மனைவிக்குள் இது விழும் விதம் வேறு. ஒருவர் மறக்க, இன்னொருவர் நினைவூட்ட, கொஞ்ச நாளில் புருஷன் பெண்டாட்டி போய் வாத்தியாரும் மாணவனும் ஆகிவிடுகிறார்கள். 'என்மேல அக்கறை இருந்தா மறப்பியா?' என்ற கேள்விக்கு மறந்தவரிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவருக்கு அக்கறை நிஜமாகவே இருக்கிறது. கேட்டவரும் தப்பாகக் கேட்கவில்லை. நோயின் பெயர் தெரிந்ததும் சண்டை நின்றுவிடும் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை. கட்டாத பில்லுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, சரி. பில் இன்னும் கட்டப்படவில்லை, இத்தனை வருஷம் கட்டியவரின் களைப்பும் அப்படியே இருக்கிறது. அந்தக் களைப்பைப் பற்றி டாக்டரின் அறையில் யாராவது கேட்க வேண்டும்.

மாத்திரை என்ன செய்யும்?

1937-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், ஒரு பரிசோதனைக்குப் பின் குழந்தைகளுக்கு வந்த தலைவலிக்காக பென்செட்ரின் என்ற ஆம்பெட்டமைனைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகப் போகவில்லை. ஆனால் பலர் திடீரென்று கணக்குப் போட உட்கார்ந்தார்கள். குழந்தைகளே அதைக் கணக்கு மாத்திரை என்று கூப்பிட்டார்களாம். 1944-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிட்ஸோன் மெத்தில்ஃபெனிடேட்டைத் தயாரித்தார். அதைச் சாப்பிட்டு டென்னிஸ் ஆடிய தன் மனைவி மார்கரீட்டின் செல்லப்பெயர் 'ரீட்டா'வை வைத்து ரிட்டாலின் என்று பேர் வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க முதல் வரிசை மருந்துகளில் அது ஒன்று.

டோபமைனும் நார்அட்ரினலினும் சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடாமல் அது தடுக்கிறது. சாதாரண மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி நாலு மணி நேரம்போல நிற்கும். மெதுவாகக் கரையும் வகை பகல் முழுக்க ஓடும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறலாம். அதனால் இதயப் பிரச்னை உள்ளவர்களிடம் டாக்டர்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். அட்டமாக்ஸெடின் வேறு வழி: ஊக்கமருந்து வகை அல்ல, பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

மாத்திரை உட்காரவைக்கும், எதன் முன்னால் உட்கார வேண்டும் என்று சொல்லித்தராது. காலையில் விழுங்கிவிட்டு அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தால் மூன்று மணி நேரம் பிரமாதமாகத் துடைப்பார்கள், ஆபீஸ் வேலை அப்படியே கிடக்கும். அனுபவப்பட்டவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

வாங்குவதும் லேசு இல்லை. மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எல்லா மெடிக்கல் ஷாப்பும் வைத்திருப்பதில்லை. சீட்டு சரியாக இருக்க வேண்டும், மாதாமாதம் புதிதாக வேண்டியிருக்கும், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். தேதி நினைவு வைத்து, டாக்டரிடம் நேரம் வாங்கி, மருந்து இருக்கும் கடையைத் தேடிப் போவது என்கிற வேலையை யாரால் செய்யவே முடியாதோ, அவர்களிடம்தான் இந்த முறை அதைக் கேட்கிறது. சட்டத்துக்குக் காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் இந்த முரணை யாராவது உட்கார்ந்து யோசித்திருக்கலாம்.

மருந்தோடு சேர்த்து, பெரியவர்களுக்கென்றே வடிவமைத்த நடத்தைச் சிகிச்சையும் உதவுகிறது. அதன் சாரம் மன உறுதியை வளர்ப்பது இல்லை. மன உறுதி தேவைப்படும் இடங்களைக் குறைப்பது. பில்லை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவது. சாவிக்கு வாசற்கதவருகே ஓர் ஆணி, சாவி அங்கே தவிர வேறெங்கும் தங்கக் கூடாது. மூடிய பீரோவுக்குள் போனது இவர்களுக்கு இல்லாமல் போனது, அதனால் மாத்திரையும் ஃபைலும் கண்ணில் படுகிற இடத்தில். வீட்டுக்கு வருகிற மாமியார் "ஏன் எல்லாம் வெளிய கிடக்கு" என்று கேட்பார், கேட்கட்டும். 'சாயங்காலம் பண்றேன்' என்பது வேலைக்காகாது. 'குக்கர் வெச்சதும் அந்த இடத்தைவிட்டு நகராமல் பில்லைக் கட்டுறேன்' என்று இன்னொரு செயலோடு முடிச்சுப் போட்டால் நடக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றிலும் எளியது, பக்கத்தில் ஓர் ஆள். உதவ வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விளக்கங்கள் பல. வேலை செய்கிறது என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொல்கிறார்கள். மொட்டை மாடியில் கம்பைண்ட் ஸ்டடி பண்ணித் தேறிய தலைமுறைக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லோருக்குமா?

ரீல்ஸ் பார்த்துவிட்டு 'எனக்கும் ஏ.டி.எச்.டி' என்று சொல்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். கிண்டல் செய்ய நான் தயாரில்லை, அதில் உண்மையாகவே அவதிப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், குறட்டையால் இரவில் மூச்சு தடைபட்டாலும், ஐந்து மணி நேரமே தூங்கினாலும் கவனம் இப்படித்தான் சிதறும். கடந்த இரண்டு வருஷமாகத்தான் இப்படி என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட சுயமதிப்பீட்டுத் தாள் ஒன்று உண்டு. அது டாக்டரிடம் போகலாமா என்று சொல்லும், அதற்கு மேல் சொல்லாது.

எண்ணிக்கையிலும் நிதானம் வேண்டும். உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 சதவிகிதம், பெரியவர்களில் சுமார் 2.5 சதவிகிதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. கோவையில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் செய்து 2013-ல் வெளியான ஆய்வில் 11.32 சதவிகிதம் வந்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் நிரப்பிய தாள்களை வைத்துப் போட்ட கணக்கு அது. எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும், நாற்பது பேர் ஏறிய டவுன் பஸ்ஸில் ஒருவர்.

அந்த ஒருவருக்குச் சட்டத்தில் இடம் குறைவு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது, ஏ.டி.எச்.டி தனியாக இல்லை. கூடவே கற்றல் குறைபாடும் இருந்து அதற்குச் சான்றிதழ் வாங்கினால் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். கேள்வித்தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலே எழுதி முடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது, பணம் வேண்டாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் இலவசச் சேவை அது. போகும்போது பழைய பள்ளி ரேங்க் கார்டுகளைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். 'படிக்கக் கூடியவன், கவனம் போதாது', 'வகுப்பில் அதிகம் பேசுகிறாள்' என்று டீச்சர்கள் சிவப்பு மையில் எழுதிய வரிகள் டாக்டருக்கு எந்த ஸ்கேனையும்விடப் பயன்படும். சின்ன வயதில் பார்த்த ஒருவர், அம்மாவோ அக்காவோ, கூட வந்தால் இன்னும் நல்லது. தேதி வாங்கியதும் அந்த இடத்திலேயே போனில் இரண்டு அலாரம் வையுங்கள். இன்னொருவரிடமும் சொல்லி முந்தின நாள் ராத்திரி கூப்பிடச் சொல்லுங்கள். அப்படியும் தேதி தவறிப்போனால் வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டாம். அந்தப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். அன்றைக்கே கூப்பிட்டு அடுத்த தேதியை வாங்கிவிடுங்கள்.